கைட் கண்ணில் படாமல் போனால் உங்களால் மேலே வர முடியுமா? திருகோணமலையில் டைவிங் தொடங்குகிறவர்களுக்கு

வாடைக்காற்றுக் காலத்துக் கலங்கல் எல்லாம் அடங்கி மே மாதம் பிறந்துவிட்டால், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் காலையில் சிலிண்டர் ஏற்றிய படகுகள் வரிசையாக நிற்கும். செப்டெம்பர் வரை இதே கதைதான். முன்பெல்லாம் அந்தப் படகுகளில் வெள்ளைக்காரர்களைத்தான் காண்போம். இப்போது யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பு என்று நம் பிள்ளைகளே நிறைய வருகிறார்கள். லண்டனிலிருந்தும் டொரோன்டோவிலிருந்தும் விடுமுறைக்கு வந்து, ஊரைப் பார்த்த கையோடு கடலுக்கு அடியையும் பார்த்துவிட்டுப் போக நினைக்கிறவர்களும் உண்டு. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "நல்ல கைட் ஒருத்தரைச் சொல்லுங்க அக்கா" என்பதுதான். சொல்கிறேன். ஆனால் கைட் எவ்வளவு நல்லவர் என்பதை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. அவரை நம்பி எதுவரை போகலாம் என்ற அளவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில், நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

பயிற்சி எதுவும் இல்லாமல், ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஒரு வகை. ட்ரை டைவ் என்றோ டிஸ்கவர் ஸ்கூபா என்றோ சொல்வார்கள். அதிகபட்சம் 12 மீற்றர். அங்கே உங்களை மிதக்க வைக்கும் ஜாக்கெட்டில் காற்று ஏற்றுவது, மீதிக் காற்றைக் காட்டும் கேஜைப் பார்ப்பது, எப்போது திரும்புவது என்பதெல்லாம் இன்ஸ்ட்ரக்டரின் வேலை. அவரை முழுதாக நம்பித்தான் இறங்குகிறீர்கள், அதில் தவறில்லை. ஆனால் அப்படி நம்புவதென்றால் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். விதிப்படி ஒருவர் நான்கு பேர் வரை கூட்டிப் போகலாம். என்னைக் கேட்டால், ஒருவருக்கு இரண்டு கைதான். மூன்றாவது ஆளுக்கு ஏதாவது ஆனால் எந்தக் கையால் பிடிப்பார்? இரண்டு பேருக்கு மேல் என்றால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். புறாமலைத் தீவைச் சுற்றியுள்ள பவளப் பாறைகள் ஆழம் குறைந்தவை, முதல் தடவைக்கு மிகப் பொருத்தம். 2003 இல் தேசியப் பூங்காவாக்கிய இடம் அது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கட் எடுத்துத்தான் போகவேண்டும். கறுப்பு முனைத் துடுப்புச் சுறாக்களை அங்கே காணலாம், உங்களைக் கண்டால் அவைதான் விலகிப் போகும்.

மற்ற வகை, பயிற்சி முடித்து அட்டை வாங்கியவர்கள். பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) போன்ற டைவிங் பயிற்சி நிறுவனங்களின் ஓப்பன் வாட்டர் அட்டை என்றால் 18 மீற்றர். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு 12. அட்வான்ஸ்ட் முடித்தால் 30. ஆழத்துக்கென்று தனிப் பயிற்சி எடுத்தால் 40. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை அதுதான்.

ஆபத்து இந்த இரண்டு வகைக்கும் நடுவில்தான் இருக்கிறது. அட்டை இருக்கும், ஆனால் மனதளவில் ட்ரை டைவ் ஆளாகவே இருப்பார். கைட் போகும் இடமெல்லாம் வால் பிடித்துப் போவார், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்று கேட்டால் தெரியாது. கைடும் அவரை அட்டைக்காரர் என்று நினைத்து ஆறு பேரை ஒன்றாகக் கூட்டிப் போவார். இருவருமே மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டு கீழே போகிறார்கள்.

மன்னாரில் முத்துக் குளித்த காலத்தில், குளியாளின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான் என்று சொல்வார்கள். கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறதென்று அவனுக்குத் தெரியும், கண்ணை எடுக்கமாட்டான். ஸ்கூபாவில் அந்தக் கயிறு இல்லை. உங்களைத் தூக்கி எடுக்க மேலே ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. கைட் உங்களுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு நீந்துகிறார்.

எனவே அட்டை உள்ள ஒவ்வொருவரும் தன்னைக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த நிமிடம், இந்த இடத்தில், கைட் மறைந்துவிட்டால், நானும் என்னோடு இறங்கிய என் ஜோடியும் பத்திரமாக மேலே போய்ச் சேருவோமா? ஆம் என்றால் தொடருங்கள். இல்லை என்றால் அங்கே இருக்காதீர்கள்.

இடத்தைப் பேசும்போது

கடைக்குள் நுழைந்ததும் விலையைக் கேட்காமல், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். எந்த அட்டை, இதுவரை எத்தனை டைவ், கடைசியாக எப்போது, அதிகபட்சம் எவ்வளவு ஆழம். ஒரு வருடத்துக்கு மேல் இறங்கவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லிவிட்டு, முதலில் ஆழம் குறைந்த இடத்தில் ஒரு மீள்பயிற்சி கேளுங்கள். நம் ஆட்களுக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. "ஓ, தெரியும் தெரியும்" என்று தலையாட்டிவிடுவோம். நீங்கள் சொன்னதை வைத்துத்தான் அவர் இடத்தைத் தெரிவு செய்கிறார். கூட்டிச் சொன்னால் அந்தக் கூடுதல் ஆழத்துக்கு நீங்கள்தான் இறங்க வேண்டிவரும்.

அப்புறம் கவனியுங்கள். உங்கள் அட்டையை வாங்கிப் பார்த்தார்களா? மருத்துவப் படிவம் தந்தார்களா? ஆஸ்துமா, காது அறுவைச் சிகிச்சை, இருதய வியாதி என்று அதில் கேட்டிருக்கும். கர்ப்பம் என்றால் டைவ் இல்லை. மற்றவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால் வைத்தியரின் கையெழுத்து வேண்டும். ஒன்றும் கேட்காமல் "நாளைக்குக் காலையில ஆறரைக்கு வாங்க" என்று காசை வாங்கினால் எனக்கு அந்த இடம் வேண்டாம். படகில் ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறதா, அவசரம் என்றால், டைவிங்கால் வரும் நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இயங்கும் நிலையில் எங்கே இருக்கிறது, யாரை அழைப்பார்கள் என்றும் கேளுங்கள். ஒழுங்கான இடத்தில் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்கள், பெட்டியையே திறந்து காட்டுவார்கள்.

ஆசை காட்டும் இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டு வீசித் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் எச்எம்எஸ் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அது ஏறக்குறைய 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. புதிதாக அட்டை வாங்கிய தம்பிமார் வந்து, "ஹேர்மிஸுக்குக் கூட்டிப் போகிற கைட் இருக்கா அக்கா?" என்று கேட்பார்கள். கைட் இருப்பார். நீங்கள் போகக்கூடாது, தம்பி. அது தொழில்நுட்ப டைவிங் என்று தனியே பல படிகள் ஏறிக் கற்கும் வேலை. அங்கிருந்து நேராக மேலே வர முடியாது, ஆழத்தில் உடம்பில் கரைந்த நைதரசன் மெதுவாக வெளியேற, இடையில் நின்று நின்றுதான் வரவேண்டும். அந்தக் கணக்கு உங்கள் தலையில் இருக்க வேண்டும், கைடின் தலையில் இருந்து பயனில்லை.

கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலையின் அடிவாரம் வேறு மாதிரி. 1622 இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் அங்கே கடலுக்குள் கிடக்கின்றன. 1956 இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய டைவிங் கூட்டாளி மைக் வில்சனும் அவற்றை மூழ்கிப் பார்த்தார்கள். மேலே மணி அடிக்க, கீழே அந்தக் கற்களைப் பார்ப்பது மாதிரி ஓர் அனுபவம் வேறு எங்கும் கிடைக்காது என்பேன். ஆனால் அலை பாறையில் அடித்துத் திரும்பும் இடம் அது, நீரோட்டமும் இருக்கும். திருகோணமலைக் கடலுக்கு அடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று ஓடுகிறது. திமிங்கிலங்கள் இங்கே கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதும் அந்த ஆழத்தால்தான். கரையோரம்தானே என்று நினைத்து ஆழத்தைக் கணக்கெடுக்காமல் இருந்துவிடாதீர்கள். ஜாக்கெட்டில் காற்றைச் சரியாக வைத்து ஓரிடத்தில் அசையாமல் மிதக்கப் பழகிய பிறகு போங்கள். கற்களில் கை வைக்காதீர்கள்.

காற்றுக் கணக்கை ஒரு தடவையாவது நீங்களே போடுங்கள்

பேனா எடுத்துப் போட வேண்டிய கணக்கு இது. நம் ஊரில் வழக்கமாகத் தரும் சிலிண்டர் ஏறக்குறைய 11 லீற்றர், காற்றின் அழுத்தம் 200 பார் (கடல்மட்டத்துக் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார்). பெருக்கினால் 2200 லீற்றர் காற்று. புதியவர் ஒருவர் தரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கிறார் என்று வைப்போம். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு மடங்கு அழுத்தம் கூடும். 10 மீற்றரில் அதே ஆள் 40 லீற்றர் இழுப்பார், 30 மீற்றரில் 80. அதாவது 10 மீற்றரில் 55 நிமிடம் வரும் சிலிண்டர், 30 மீற்றரில் 27 நிமிடத்தில் முற்றாகக் காலி. பயம் வந்தால் அதுவும் வராது.

"எனக்குக் காற்று முடிந்தால் கைடிடம் இருக்கிறதே" என்பீர்கள். சரி, அதையும் பார்ப்போம். 30 மீற்றரில் கைடிடம் 80 பார் மீதி, 880 லீற்றர். நீங்கள் பதற்றத்தில், அவரும் உழைக்கிறார், ஆளுக்கு 30 லீற்றர் என்று வையுங்கள். அந்த ஆழத்தில் இருவருக்குமாக நிமிடத்துக்கு 240 போகும். அவரை அடைந்து, மூச்செடுக்கும் ரெகுலேட்டரை வாயில் வைத்து, மூச்சு அடங்க ஒரு நிமிடம். நிமிடத்துக்கு 9 மீற்றர் வேகத்தில் 5 மீற்றருக்கு ஏற ஏறக்குறைய 460 லீற்றர் வேண்டும். மீதி 180க்குள். 5 மீற்றரில் பாதுகாப்புக்காக வழக்கமாக நிற்கும் 3 நிமிடத்துக்கு 270 தேவை. பற்றாது. இதில் நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். பின்னால் வரும் இன்னொருவருக்கும் அதே நேரம் முடிந்தால்?

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு கைடின் சிலிண்டரை உங்கள் சேமிப்பாக நினைக்கமாட்டீர்கள்.

இறங்குவதற்கு முன்

முதல் நாள் இரவு குடிக்காதீர்கள். சளி இருந்தால் அன்றைக்கு டைவ் இல்லை, காது அடைத்து வெடிக்கிற மாதிரி வலிக்கும்.

உங்கள் சாமான்களை நீங்களே பூட்டுங்கள். பையன்கள் அன்பாகப் பூட்டித் தருவார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். குறைந்தது பூட்டியதை நீங்கள் சரிபாருங்கள். ரெகுலேட்டரை வாயில் வைத்து நான்கு தடவை ஆழ மூச்செடுத்தபடி கேஜின் ஊசியைப் பாருங்கள். மூச்சிழுக்கும்போது ஊசி கீழே விழுந்து திரும்ப ஏறினால், சிலிண்டரின் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. கரையில் அது ஒன்றும் தெரியாது, ஆழத்தில்தான் காற்று வராமல் இறுகும்.

படகில் கைட் திட்டம் சொல்லும்போது கமராவை நோண்டாதீர்கள். அதிகபட்ச ஆழம், எத்தனை நிமிடம், நீரோட்டம் எந்தப் பக்கம், எத்தனை பாரில் திரும்புகிறோம் என்ற நான்கும் உங்களுக்கு மனப்பாடமாக வேண்டும். அவர் சொல்லாவிட்டால் கேளுங்கள். நான் 100 பாரில் திரும்பி, 70இல் ஏறத் தொடங்கி, 50 மீதியோடு படகில் இருப்பேன். அதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன்: "அண்ணா, என் அட்டை இவ்வளவுதான், அதற்குக் கீழே நான் வரமாட்டேன்." கடலுக்குள் வாய் பேச முடியாது, பேச வேண்டியதைப் படகிலேயே பேசிவிட வேண்டும். பிரிந்துபோனால் என்ன செய்வது என்பதும் முன்கூட்டியே முடிவாகட்டும். ஒரு நிமிடம் சுற்றிப் பார்ப்பது, காணாவிட்டால் மெதுவாக மேலே வருவது, இதுதான் வழக்கம். மீன்பிடிப் படகுகளும் திமிங்கிலம் காட்டும் படகுகளும் ஓடும் கடல் இது. ஆகவே ஒவ்வொரு ஜோடியிடமும் மேலே விடும் காற்றடைத்த மிதவை ஒன்று இருப்பது நல்லது.

சைகைகளில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஊரில் கட்டைவிரலைத் தூக்கினால் "நல்லா இருக்கு". கடலுக்குள் அதற்கு அர்த்தம் "மேலே போவோம்". நல்லா இருக்கு என்பதற்கு விரல் வளையம். கட்டைவிரலை யார் எப்போது தூக்கினாலும் டைவ் முடிந்தது, காரணம் கேட்கக்கூடாது. இதைக் கூட வருகிறவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஓப்பன் வாட்டர் அட்டை வாங்கி இரண்டாவது மாதம், என் பத்தாவது டைவ். எங்களைக் கூட்டிப் போனவர் பிறந்ததிலிருந்து இந்தக் கடலோடு இருக்கிறவர், அன்பான மனுசன். அன்றைய இடம் கொஞ்சம் ஆழம் என்று படகில் யாரோ சொன்னார்கள். நான் அவரைப் பார்த்தேன். "பயப்படாதீங்க தங்கச்சி, நான் இருக்கிறன்தானே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் 18 மீற்றர் எனக்கு மறந்துவிட்டது.

சரிவான பாறை. பெரிய கலவாய் மீன் ஒன்று கீழே நழுவிப் போக, அவர் அதைக் காட்டிக்கொண்டே பின்னால் போனார், நாங்களும் போனோம். என் கையுறையில் சிவப்புப் பட்டி ஒன்று இருந்தது. அது மண்ணிறமாகத் தெரிகிறதே என்று பார்க்கும்போதுதான் ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் கண்ணில் பட்டது: 27.4 மீற்றர். கேஜில் 70. அந்த நேரம் அவர் திரும்பி விரல் வளையம் காட்டினார். நானும் வளையம் காட்டினேன். ஏன் காட்டினேன்? கூட வந்த நான்கு பேரின் டைவைக் கெடுக்க வெட்கமாக இருந்தது. வேறு காரணம் இல்லை. அவர் திரும்பி நீந்தத் தொடங்கினார். மூச்சு வேகமாகியது. ஊசி 50க்கு வந்ததைப் பார்த்தேன், பிறகு கேஜைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவருடைய கால் துடுப்பைப் பிடிக்க நான் உதைத்த உதை ஒவ்வொன்றும் இன்னும் காற்றைத் தின்றது. பிடித்துவிட்டேன். அவருடைய இரண்டாவது ரெகுலேட்டரில் மூச்செடுத்துக்கொண்டு மேலே வந்தோம், 5 மீற்றரில் நிற்கவில்லை. படகில் யாரோ பிளேன்டீ தந்தார்கள். கோப்பையைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

அவர் என்னை ஏமாற்றவில்லை. அவருக்கு 27 மீற்றர் என்பது வீட்டு முற்றம். ஐந்து பேர் ஐந்து விதமான அனுபவத்தோடு வருகிறார்கள், எல்லோரும் பெரிதாக ஏதாவது காட்டச் சொல்கிறார்கள், காட்டாவிட்டால் குறை சொல்கிறார்கள். என் எல்லையை நான் அவரிடம் சொல்லவே இல்லை என்பதும் உண்மை. ஆனால் அட்டையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவர் வேலை, அதைச் செய்யவில்லை என்பதும் உண்மை.

ஆகவே கீழே இருக்கும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கேஜையும் கம்ப்யூட்டரையும் பாருங்கள். 30 மீற்றரை நெருங்கும்போது நைதரசன் மயக்கம் வரலாம். போதை மாதிரி, எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும், அதுதான் அதன் ஆபத்து. கொஞ்சம் மேலே வந்தால் தெளிந்துவிடும். ஆழம் கூடக் கூட, இடையில் நிற்காமல் மேலே வரக்கூடிய நேரமும் சுருங்குகிறது. பரவலாகப் பயன்படுத்தும் அட்டவணை ஒன்றின்படி 18 மீற்றரில் 56 நிமிடம் இருக்கலாம், 30 மீற்றரில் வெறும் 20. கைடின் கம்ப்யூட்டர் அவர் உடம்புக்கு, அவர் போன ஆழத்துக்கு. உங்களுக்கென்று ஒன்றை வாடகைக்காவது எடுங்கள்.

கைட் உங்கள் எல்லைக்குக் கீழே போனால் பின்னால் போகாதீர்கள். உங்கள் ஆழத்தில், ஜோடியோடு நில்லுங்கள். விளக்கையோ சிலிண்டரில் தட்டும் சத்தத்தையோ வைத்துக் கூப்பிடுங்கள். மேலே வராவிட்டால் கட்டைவிரல். மூழ்கிய கப்பலின் வாசலுக்குள்ளோ குகைக்குள்ளோ கூப்பிட்டாலும் இதேதான். தலைக்கு மேல் கூரை இருக்கும் இடத்துக்குத் தனிப் பயிற்சி உண்டு. உள்ளே சேறு கலங்கினால் கைடும் உங்களைக் காணமாட்டார். வெளியே நின்று எட்டிப் பாருங்கள், அழகு அங்கிருந்தும் தெரியும்.

கரைக்கு வந்த பிறகு

இரண்டு காரியங்கள். முதலாவது, பலருக்குத் தெரியாதது. ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமும், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்பது தெரிந்திருக்கும். ஆனால் திருகோணமலையில் காலை டைவ், பகலில் வான் ஏறிக் கண்டி, இரவு நுவரெலியா என்று சுற்றுலாத் திட்டம் போடுகிறார்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்குள்ள குறைந்த காற்றழுத்தம், விமானத்துக்குள் வைத்திருக்கும் அழுத்தத்துக்கு ஏறக்குறைய சமம். உடம்பில் மீதியிருக்கும் நைதரசன் அதில் குமிழியாகலாம். கடலை முதலில் வைத்து மலையை அடுத்து வைப்பதென்றால் இடையில் ஒரு நாள் உப்புவெளியில் படுத்துறங்குங்கள். மலையை முதலில் முடித்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் திட்டுத் திட்டாகத் தடிப்பு, தலைச்சுற்று, காரணமில்லாத கடும் அசதி, இவற்றில் எதுவும் அன்றோ மறுநாளோ வந்தால் "தூங்கினால் சரியாகும்" என்று விடாதீர்கள். படுக்க வைத்து ஒட்சிசன் கொடுக்கச் சொல்லுங்கள், 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள், டைவ் செய்ததை ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்கும் தொழிலாளர்கள் சிலர், வலி வந்தால் திரும்பக் கடலுக்குள் இறங்கினால் போய்விடும் என்பார்கள். அவர்கள் பிழைப்புக்காகச் செய்வது அது, கை கால் விழுந்தவர்களும் அவர்களில் உண்டு. நீங்கள் திரும்ப இறங்காதீர்கள்.

அன்று மாலையே குறிப்புப் புத்தகத்தில் ஆழம், நேரம், மீதிக் காற்று மூன்றையும் எழுதி வையுங்கள். கைடைக் கேட்டு எழுதாமல், உங்கள் கேஜில் நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். ஞாபகம் வராவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அடுத்த டைவை அதே இடத்தில் அதே ஆழத்தில் திரும்பச் செய்யுங்கள்.